அரைப்பேர்

டொங்கிளை நூலில் கட்டி
ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன்,
சாரல் படாமல் மேலே ஒரு யோகட் கோப்பை.
பொகவந்தலாவையில் இந்த ஓரடிக்குள்தான்
இரண்டு கோடு சிக்னல்.
கீழே பார்மசி பூட்டியாயிற்று.
ஹட்டன் கடைசி பஸ் கடந்தபோது
மேசை கொஞ்சம் நடுங்கியது.

பாங்க் ஒன்று ஏலத்தில் கழித்த லெப்டொப்.
விண்டோஸில் மூச்சு வாங்கிக் கிடந்தது,
லினக்ஸ் போட்டதும் எழும்பி உட்கார்ந்தது.
ஸ்பேஸ் பாருக்கு மட்டும் இன்னும் கோபம்.

கட்டளை அடித்தேன். பாஸ்வேர்ட் கேட்டது.
அடிக்க அடிக்க ஒரு புள்ளியும் விழவில்லை.
நாற்பத்தொரு பொதி இறங்க வேண்டுமாம்.
இருபத்தாறில் மூடுபனி வந்தது.

காத்திருக்கும் நேரத்தில் சொல்லிவிடுகிறேன்:
உள்ளே வைக்கப்போவது நானூற்றுப் பன்னிரண்டு துண்டு.
கொழுந்து நிறுத்துக் கொடுத்த துண்டு.
பரிபூரணமும் ஜெசிந்தாவும் பதினொரு மாதம்
மடுவத்திலிருந்து இறங்கும் வழியில் போனில் பிடித்தவை.
பதினெட்டரை கிலோ. தண்ணிக்கு இரண்டு கழிவு.
பதினாறரை.
பதினெட்டுக்குக் குறைவு, அன்றைக்கு அரைப்பேர்.

இங்கே ஒரு நாள் உழைப்பு என்றால் ஒரு பேர்.
நிறை குறைந்தால் பேரைப் பாதியாக்குவார்கள்.
மார்ச்சில் ஜெசிந்தாவுக்குப் பதினாலு அரைப்பேர்.
ஏழு நாள் அவள் மலையிலேயே இல்லை,
கணக்குப்படி.

போன தடவை எல்லாம் ஒரே கொம்பியூட்டரில் வைத்திருந்தோம்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரைத் தகரம் கழன்று
மழை அதன்மேல் மட்டும் பெய்திருந்தது.

அதனால் இந்த முறை பூட்டி, நறுக்கி, ஆறாக்கி
ஆறு ஊருக்கு.
ஹட்டனில் போன் திருத்தும் கிருத்திகன்,
நாவலப்பிட்டியில் ரிஸானா டீச்சர்,
வெலிமடையில் உருளைக்கிழங்கு லொறி துமிந்த,
பதுளையில் ஒரு டியூட்டரி,
டோஹாவில் ஜெசிந்தாவின் தம்பி. ஆறாவது இது.
தன் டிஸ்க்கில் என்ன கிடக்கிறதென்று
துமிந்தவுக்குத் தெரியாது. திறந்தாலும் இரைச்சல்தான்.
‘இடம் இருக்கு, வைங்க’ என்றார், அவ்வளவுதான்.

அமைப்புக் கோப்பு மூன்று எண் கேட்டது.
மொத்தம் எத்தனை துண்டு? ஆறு.
திரும்பக் கூட்ட எத்தனை போதும்? மூன்று.
ஜெசிந்தா சிரித்தாள்:
‘அரையக் குடுத்தா முழுசாத் தருமா?
இதக் கணக்கப்பிள்ளையாப் போடலாமே.’
மற்றது, எத்தனை இடம் போய்ச் சேர்ந்தால் சந்தோஷம்?
அப்படியேதான் எழுதியிருக்கிறது, சந்தோஷம் என்று.
தூக்கம் கெட்ட யாரோ ஒரு புரோகிராமர் வைத்த சொல்.
‘ஆறும் போகட்டுமே’ என்றாள் பரிபூரணம்.
நான் ஐந்து போட்டேன்.
டோஹாக்காரன் எப்போது சுவிட்சை அணைப்பான்,
யார் கண்டது.

கடைசியில் இந்தப் பெட்டிக்கு ஒரு பேர் கேட்டது.
முழுப்பேர், என்றார்கள் இரண்டு பேரும்.
ஆங்கில எழுத்தில் அடித்தேன்,
ழுகரத்தில் இரண்டு தரம் தடுக்கி.

பிறகு சாவி. தொண்ணூற்றேழு எழுத்து.
பிள்ளையின் கிளினிக் கொப்பிப் பின்னட்டையில்
ஜெசிந்தா எழுதினாள்,
இசட்டுக்கும் இரண்டுக்கும் கோடு போட்டுப் பிரித்து.
இது தொலைந்தால் எனக்கும் திறக்க வராது,
சங்கத்துக்கும் வராது, என்றேன்.
‘தடுப்பூசி அட்டையையே தொலைக்கல’ என்றாள்.

கரண்ட் போய், வந்தது. ஒரு மணி பத்து.
இங்கிருந்த படங்களை வேண்டுமென்றே அழித்தேன்.
விரல் கூசியது.
திருப்பிக் கேட்டேன்.

ஹட்டன் விழித்திருந்தது. நாவலப்பிட்டி.
மூன்றாவது வர வெகுநேரம்.
பிறகு வெலிமடை.

மார்ச் மூன்று. பதினாறரை.
சாயக்கறை.
ஓரத்தில் ஜெசிந்தாவின் பெருவிரல்,
நகக்கண்ணில் கொழுந்துக் கறுப்போடு.
‘என் விரல்’ என்று திரையைத் தொட்டாள்.

பரிபூரணம் விரலைப் பார்க்கவில்லை.
தண்ணிக்கு இரண்டு, தண்ணிக்கு இரண்டு என்று
அந்த வரியை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தாள்.
வெளியே மழையே இல்லை.